கோவளத்தில் ஒன்பது முறை

முடிச்சூர்,
9 அக்டோபர் 2025

அன்புள்ள ஜெரூஷா,

நேற்று மாலை 4.40 மணிக்கு உறுதியான செய்தி: 2027 பிப்ரவரி மாநாட்டை நடத்தக் கேட்ட ஐந்து நகரங்களில் இரண்டு எஞ்சியிருக்கின்றன. சென்னை, கொழும்பு. ஆதாரம், சக்கர நாற்காலிப் பயனர் பன்னாட்டு இணையத்தின் கோலாலம்பூர் செயலகத்திலிருந்து வந்த மின்னஞ்சல். அதன் அடியில் தேர்வுக் குழுச் செயலாளர் என்று உங்கள் பெயர் இருந்தது.

தேர்வு முடியும்வரை தொலைபேசி கூடாது, வாட்ஸ்அப் கூடாது, எல்லாம் மின்னஞ்சலில் அனுப்பும் கடிதத்தில், ஒரு நகல் கோப்பில் என்கிறது ஆறாம் விதி. முப்பத்து நான்கு வருடம் நாளிதழில் வேலை பார்த்தவனுக்கு அதில் சிரமம் இல்லை. நாம் பேசியும் நான்கு வருடம் ஆகிறது. அது எந்த விதியாலும் அல்ல.

தென்புறநகர் சக்கர நாற்காலியர் சங்கத்தை இரும்புலியூரில் ஒரு கார் கொட்டகையில் தொடங்கியவர் நீங்கள். மனு எழுதிக்கொடுக்க வந்தவன் நான். 2021 கடைசியில் நீங்கள் மலேசியா போனதும் செயலாளர் பொறுப்பு என்னிடம் வந்தது. நடமாட்டம் உள்ள ஒருவன் அந்தப் பொறுப்பில் இருக்கலாமா என்று நீங்கள் கேட்டதாகக் கேள்வி. ஆதாரம் இல்லாததால் அதை விட்டுவிடுகிறேன்.

உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. என் மகள் சோயாவுக்கு 2022 பிப்ரவரியில் ஸ்கூட்டர் விபத்து. முதுகுத் தண்டில் அடி. இப்போது வயது இருபத்தாறு, சக்கர நாற்காலியில் இருக்கிறாள். இணையவழிக் கூட்டங்களில் பேசுவதை உடனுக்குடன் எழுத்தாக்கித் திரையில் இடும் வேலையை வீட்டிலிருந்தே செய்கிறாள். வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. 2015 வெள்ளத்தில் இதே தெருவில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். தண்ணீர் ஜன்னல்வரை வந்தது. இனி மாடிதான் என்று பிடிவாதமாக வாங்கிய வீடு இது. கடந்த ஜூன் மாதத்துக்குப் பிறகு அவள் கீழே இறங்கவில்லை.

அவள் வெளிநாடு போய் மாநாடு பார்ப்பது நடக்காத காரியம். எழுபது நாட்டிலிருந்து அவளைப் போன்றவர்கள் வருகிறார்கள். அவர்களை அவள் பார்க்க வேண்டும். மாநாடுதான் அவளிடம் வர வேண்டும். நான் இதில் இறங்கியது அதற்காக. மறைக்க ஒன்றுமில்லை, கோப்பிலேயே இருக்கட்டும்.

அக்டோபர் 28, 29 இரண்டு நாள் நேரில் பார்க்க வருகிறவரின் விவரம் தேவை.

அத்தாவுல்லா

*

கோலாலம்பூர்,
13 அக்டோபர் 2025

மதிப்பிற்குரிய அத்தாவுல்லா சார்,

கடிதம் கிடைத்தது. மொழிபெயர்ப்போடு கோப்பில் சேர்த்துவிட்டேன்.

முதலில் சொல்ல வேண்டியது. நான் முடிச்சூரில் பிறந்தவள், உங்கள் சங்கத்தில் எட்டு வருடம் இருந்தவள் என்று குழுவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு ஓட்டு கிடையாது. தபால்காரர் வேலை மட்டும்தான்.

வருபவர் மிரெம்பே. உகாண்டாக்காரர், ஐம்பத்து மூன்று வயது. கையால் தள்ளும் நாற்காலி, எடை பதினோரு கிலோ. எங்கே போனாலும் தானே தள்ளிப் போவார். காரம் சாப்பிடுவார். மாலை, சால்வை, வரவேற்புப் பாட்டு எதுவும் வேண்டாம் என்று எழுதச் சொன்னார்.

ஆதாரம் இல்லை என்று நீங்கள் விட்டுவிட்ட கேள்விக்கு ஆதாரம் தருகிறேன். ஆம், நான் கேட்டேன். அசாரிடம் கேட்டேன். உங்கள் மகன் உங்களிடம் சொல்லியிருப்பான் என்று நினைத்தேன்.

சோயாவின் செய்தி எனக்குத் தெரியும். அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

ஜெரூஷா

*

முடிச்சூர்,
30 அக்டோபர் 2025

அன்புள்ள ஜெரூஷா,

மிரெம்பே அம்மையார் நேற்றிரவு விமானம் ஏறிவிட்டார். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

இரண்டு நாளும் மழை. முதல் நாள் காலை விடுதியிலிருந்து புறப்பட்டு, கோவளத்துக்குச் சற்று முன்னால் கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள மாநாட்டு மண்டபத்துக்குப் போனோம். வாசலில் மூன்று படி. மொத்த உயரம் நாற்பத்தைந்து சென்டிமீட்டர். இதற்கென்று ஒட்டுப் பலகையில் இரண்டரை மீட்டர் சாய்தளம் செய்து வைத்திருந்தோம். மழையில் ஊறி வழவழவென்று இருந்தது. அம்மையார் அதன் அடியில் நாற்காலியை நிறுத்தி, பலகையைக் கையால் தொட்டுப் பார்த்தார்.

நம் தொண்டர் படைக்குத் தலைவன் குப்பன். கோவளத்தில் படகு வைத்திருப்பவன். உங்கள் காலத்திலேயே இருந்தவன்தான். அவன் சொன்னது: "இன்னா சார், ராம்பு ஈரமா கீது. வண்டி வழுக்கிகினு பூடும். நாலு பேரு கீறோம், ஒரே தூக்கு, மேட்டர் ஓவர்." சொல்லி முடிப்பதற்குள் அம்மையார் வராந்தாவில் இருந்தார். அத்தனை வேகம்.

உணவுக்கூடத்துக்குப் போகும் வழியில் இரண்டு படி. மேடைக்கு ஐந்து. விடுதி வாசலில் ஒன்று. எல்லா இடத்திலும் நம் ஆட்கள் தயாராக இருந்தார்கள். இரண்டு நாளில் எந்த இடத்திலும் ஒரு நிமிடம்கூட அவரைக் காக்க வைக்கவில்லை.

இரண்டாம் நாள் மாலை கடல் பார்க்க ஆசைப்பட்டார். நடைபாதை முடியும் இடத்தில் மணல். மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. குப்பனும் மூன்று பேரும் நாற்காலியோடு தூக்கி அலைக்கருகில் வைத்தார்கள். அங்கே மீன் விற்கும் கன்னியம்மா கத்தினாள்: "டேய் குப்பா, பொம்பளைய கேக்காம கொள்ளாம தூக்கினு வர்றியே, அது இன்னா உன் வூட்டு மீன் கூடையா?" சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கன்னியம்மா அம்மையாரின் எதிரில் குந்தி உட்கார்ந்து, "நண்டு துன்றியாமா?" என்று கையை நண்டுபோல் ஆட்டிக் கேட்டாள். அம்மையாரும் கையை ஆட்டினார். இந்த இரண்டு நாளில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

கிளம்பும்போது எல்லோருக்கும் கைகொடுத்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

அத்தாவுல்லா

*

கோலாலம்பூர்,
6 நவம்பர் 2025

அத்தாவுல்லா சார்,

மிரெம்பேயின் அறிக்கை நேற்று வந்தது. பதினான்கு பக்கம். விதிப்படி உங்களைப் பற்றிய பகுதியை உங்களுக்கு அனுப்ப வேண்டும். ஆங்கிலத்தில் இணைத்திருக்கிறேன். முக்கியமான பத்தி மட்டும் தமிழில்:

"இரண்டு நாளில் நான் ஒன்பது முறை தூக்கப்பட்டேன். ஒரு முறைகூட யாரும் என்னைக் கேட்கவில்லை. தூக்கியவர்கள் அன்பானவர்கள். அதனால்தான் மறுக்க நேரம் கிடைக்கவில்லை. கடற்கரையில் ஒரு மீன்காரப் பெண் அவர்களைத் திட்டினார் என்று நினைக்கிறேன். மொழி புரியவில்லை, தொனி புரிந்தது. விண்ணப்பத்தின் ஏழாம் பக்கம் நான்கு இடங்களுக்கும் செல்லலாம் என்கிறது. நான் சென்றேன். என் சக்கரங்கள் செல்லவில்லை."

கன்னியம்மா சொன்னதை நீங்கள் வேடிக்கையாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு நாளில் அந்த ஊரில் சரியான கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அந்த அம்மாதான்.

இதற்கு மேல் எழுதுவது என் வேலை இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன், நகலும் கோப்பில் போகும். 2021 ஆகஸ்டில் சங்க ஆண்டு விழா. மேடைக்கு ஐந்து படி. நான் கீழேயே இருந்து பேசுகிறேன், மைக்கைக் கீழே கொடுங்கள் என்று முந்தின நாளே உங்களிடம் சொன்னேன். சரி என்றீர்கள். மறுநாள் என் பெயரை அறிவித்ததும் குப்பனும் அன்பு என்ற இன்னொரு தொண்டரும் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். இருநூறு பேர் கைதட்ட என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். புடவை முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. அப்படியே சிரித்துக்கொண்டு பதினைந்து நிமிடம் பேசினேன். முடிந்ததும் உங்களிடம் வந்து கேட்டேன். "நம்ம பசங்கதானே, ஜெரூஷா" என்றீர்கள். மூன்று மாதத்தில் இங்கே வேலை கிடைத்தது. வந்துவிட்டேன்.

ஏழாம் பக்கத்துக்கு உங்கள் விளக்கத்தைக் குழு கேட்கிறது. கடைசி நாள் நவம்பர் 25.

ஜெரூஷா

*

முடிச்சூர்,
9 நவம்பர் 2025

ஜெரூஷா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது.

மழையில் நனைந்துகொண்டு, இரண்டு நாள் கடலுக்குப் போகாமல், ஒரு வெளிநாட்டு அம்மையாரைத் தரையில் கால் படாமல் பார்த்துக்கொண்டவர்கள் எங்கள் ஆட்கள். அவர்களிடம் போய் நீங்கள் செய்தது தப்பு என்று நான் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். எங்கள் ஊரில் பேருந்தில் ஏற முடியாமல் ஒருவர் நின்றால் நடத்துனரே இறங்கி வந்து தூக்குவார். அதை அவமானம் என்று எழுதும் பேனா என்னிடம் இல்லை. இது மதிப்பெண் போட முடியாத விஷயம்.

ஆண்டு விழா பற்றி: கீழே உட்கார்ந்து பேசினால் பின்வரிசைக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள் என்பதால் செய்தது. நீங்கள் தெரிய வேண்டும் என்றுதான்.

என் மகளை நாங்களும்தான் தூக்குகிறோம். அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

அத்தாவுல்லா

*

கோலாலம்பூர்,
11 நவம்பர் 2025

சார்,

ஒரு கேள்வி மட்டும். நிருபராகப் பதில் சொல்லுங்கள்.

சோயாவை இதுவரை எத்தனை முறை தூக்கி இறக்கியிருக்கிறீர்கள்? அதில் எத்தனை முறை அவளைக் கேட்டுவிட்டுத் தூக்கினீர்கள்?

ஜெரூஷா

*

முடிச்சூர்,
20 நவம்பர் 2025

அன்புள்ள ஜெரூஷா,

உங்கள் கேள்விக்குப் பதில். 2022 மார்ச் முதல் 2025 ஜூன்வரை அறுபத்து மூன்று முறை. ஆதாரம், மருத்துவமனைச் சீட்டுகளும் என் நாட்குறிப்பும். கேட்டுவிட்டுத் தூக்கியது: ஒரு முறையும் இல்லை. ஆதாரம், சோயா.

உங்கள் கடிதம் வந்து ஒரு வாரம் எதுவும் செய்யவில்லை. உங்கள் மேல் கோபம் இருந்தது. போன செவ்வாய்க்கிழமை காலை, சோயாவின் அம்மா நூர் பீவி சந்தைக்குப் போன பிறகு, நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சோயாவின் எதிரில் உட்கார்ந்தேன். நடந்ததை அப்படியே தருகிறேன். இதை உங்களுக்கு அனுப்ப அவளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

"என்ன வாப்பா, பேட்டியா?"

"ஆமா."

"ஆன் ரெக்கார்டா?"

"நீ சொல்ற மாதிரி."

"அப்ப ஆன் ரெக்கார்ட். கேளுங்க."

"கடைசியா கீழ இறங்கினது?"

"ஜூன் ஏழு. பக்ரீத். மாமா வீட்டுக்குப் போனோம்ல."

"அதுக்கப்புறம் ஏன் இறங்கலை?"

பேனாவை வைக்கச் சொன்னாள். வைத்தேன். பிறகு, வேண்டாம், எழுதுங்கள் என்றாள்.

"அன்னிக்கு அசார் அண்ணன் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வாட்ச்மேன் லீவு, அதனால கொரியர் கொடுக்க வந்தவரைக் கூப்பிட்டீங்க. அவர் யாருன்னே எனக்குத் தெரியாது. முப்பத்தாறு படி வாப்பா. யார் கை எங்க இருக்குன்னு தெரியாம முப்பத்தாறு படி. அவர் மேல தப்பில்ல, பாவம், அவருக்கு மூச்சு வாங்குது. நீங்க பின்னாடி 'பாத்து, பாத்து'ன்னு வர்றீங்க. யாராவது ஒருத்தர் 'தூக்கலாமா'ன்னு கேட்டிருந்தா, 'ஒரு நிமிஷம், துப்பட்டாவைச் சரி பண்ணிக்கறேன்'னாவது சொல்லியிருப்பேன்."

"ஏன்மா சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? ஒவ்வொரு தடவையும் ராத்திரி நீங்க முதுகுக்குத் தைலம் தேச்சுக்கறீங்க. அதைப் பாத்துட்டு இன்னும் என்ன கேக்கறது? இறங்காம இருந்தா உங்களுக்கும் முதுகு மிச்சம், எனக்கும் மானம் மிச்சம்."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். என்ன எழுதினேன் என்பதை மறுநாள்தான் படித்துப் பார்த்தேன்.

ஏழாம் பக்கத்துக்கு வருகிறேன். கீழே வருவதைத் திருத்தமாகக் குழுவிடம் சேர்க்கவும்.

விண்ணப்பத்தின் ஆங்கில வடிவத்தை எழுதியது சோயா. அவள் எழுதிய ஏழாம் பக்கம் இப்படி இருந்தது: "நான்கு இடங்களுக்கும் நால்வர் தூக்கும் உதவியோடு செல்லலாம். சக்கர நாற்காலியர் தனியாகச் செல்ல இப்போது வழி இல்லை. நாற்பத்தைந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு ஐந்து மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் சாய்தளம் தேவை. நம்மிடம் இருப்பது இரண்டரை மீட்டர்." விண்ணப்பம் பன்னிரண்டு பக்கத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பதிமூன்று பக்கம் வந்திருந்தது. இரவு எட்டு மணிப் பதிப்புக்கு நீளம் குறைக்கிற பழக்கத்தில் உட்கார்ந்து குறைத்தேன். "நால்வர் தூக்கும் உதவியோடு" என்பதை நீக்கினேன். அடுத்த இரண்டு வாக்கியங்களையும் நீக்கினேன். மிச்சம் இருந்தது, "நான்கு இடங்களுக்கும் செல்லலாம்." பொருள் கெடவில்லை என்று அப்போது உண்மையாகவே நினைத்தேன். தூக்குவது எனக்கு ஒரு தகவலாகவே படவில்லை, ஜெரூஷா. சாலையில் வெளிச்சம் உண்டு என்று யாராவது எழுதுவார்களா, அதுபோல.

நான் வெட்டியதைச் சோயா பார்த்தாள். கேட்டாள். "இடம் இல்லம்மா" என்றேன்.

வேலையில் இருந்த காலத்தில் என் செய்திகளுக்கு நான்கு திருத்தங்கள் வந்திருக்கின்றன. இது ஐந்தாவது. தவறு என்னுடையது. சங்கத்துடையது அல்ல, குப்பனுடையதும் அல்ல. அவனை அப்படி நிற்க வைத்தவன் நான்.

முதல் கடிதத்தில், சோயா வெளிநாடு போவது நடக்காத காரியம் என்று எழுதியிருந்தேன். அதற்கும் ஆதாரம் இல்லை. அவளிடம் கேட்காமல் எழுதியது. அதையும் நீக்கிவிடவும்.

உங்கள் சொந்த விஷயம். முந்தின நாள் நீங்கள் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. சரி என்று சொன்னதும் நினைவிருக்கிறது. வருந்துகிறேன்.

செயலாளர் பொறுப்பிலிருந்து இன்று விலகிவிட்டேன். டிசம்பர் 7 அன்று சங்கம் கூடித் தேர்ந்தெடுக்கும்.

அத்தாவுல்லா

*

கோலாலம்பூர்,
26 நவம்பர் 2025

அத்தாவுல்லா சார்,

திருத்தம் குறித்த நாளுக்குள் வந்தது. மொழிபெயர்த்துக் குழுவுக்குக் கொடுத்தேன். நேற்றுக் கூட்டத்தில் முழுவதும் வாசிக்கப்பட்டது. பிறகு மிரெம்பே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தப் பெண் எழுதியதை ஏன் நமக்கு முதலிலேயே அனுப்பவில்லை? அதை அனுப்பியிருந்தால் சென்னைக்கு நான் கூடுதலாகப் போட்டிருப்பேன்."

இப்போது மதிப்பெண் இறங்கும். நிச்சயம் இறங்கும். நான் பூசி மெழுகவில்லை. பெரும்பாலும் சென்னைக்குக் கிடைக்காது. முடிவு ஜனவரி இறுதியில்.

நீங்கள் வருந்துவதாக எழுதியதைப் பெற்றுக்கொண்டேன். அதை என்ன செய்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. நான்கு வருடம் வைத்திருந்த கோபம் ஒரு கடிதத்தில் போகாது. ஆனால் முந்தின நாள் நான் கேட்டேன் என்பதை நீங்களே ஒப்புக்கொண்ட பிறகு, நான்தான் சரியாகச் சொல்லவில்லையோ என்று யோசிப்பதை நிறுத்திவிட்டேன். நான்கு வருடமாக அதையும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இங்கே நான் இருப்பது பத்தொன்பதாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது. போன மாதம் அது இரண்டு நாள் ஓடவில்லை. பக்கத்து வீட்டுப் பையன்கள் வந்து, "அக்கா, தூக்கிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, கீழே போய்ச் சாப்பாடு வாங்கி வந்தார்கள். அதுபோதும் சார். ரொம்பப் பெரிதாக எதுவும் வேண்டியதில்லை.

சோயாவிடம் ஒன்று சொல்லுங்கள். ஏழாம் பக்கம் நன்றாக எழுதப்பட்டிருந்தது. நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஜெரூஷா

*

முடிச்சூர், தரைத்தளம்,
24 பிப்ரவரி 2026

அன்புள்ள ஜெரூஷா,

தேர்வு முடிந்துவிட்டதால் ஆறாம் விதி இப்போது இல்லை. போன் செய்யலாம். இருந்தாலும் எழுதுவது எனக்குச் சௌகரியமாக இருக்கிறது. இது கோப்புக்கு அல்ல.

ஜனவரி 30 தேதியிட்ட உங்கள் செயலகத்தின் அறிவிப்புப்படி மாநாடு கொழும்புக்குப் போய்விட்டது. அடுத்த முறைக்கு விண்ணப்பிக்கச் சென்னைக்குத் தடை இல்லை என்ற வரியையும் படித்தேன். சங்கத்துக்கு இப்போது இரம் என்பவர் செயலாளர். முடநீக்கு நிலையத்தில் வேலை செய்பவர், பதினான்கு வயது முதல் நாற்காலியில் இருப்பவர். அவருடைய முதல் தீர்மானம், கேட்காமல் யாரும் யாரையும் தொடக் கூடாது என்பது. குப்பன் அதைக் கொஞ்சம் அதிகமாகவே கடைப்பிடிக்கிறான். போன கூட்டத்தில் டீ கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும், "தரட்டாமா? கைல தரட்டா, கீழ வைக்கட்டா?" என்று கேட்டான். "ஆறிப்போவுது, குடுறா" என்று இரம் அதட்டிய பிறகுதான் கொடுத்தான்.

முகவரியைப் பார்த்திருப்பீர்கள். கீழ்வீட்டில் இருந்தவர் பக்தவச்சலம், அஞ்சல் துறையில் ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு அக்டோபரிலும் பீரோவைச் செங்கல் மேல் ஏற்றிவைக்கிறவர். வீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று அவரிடம் பேசியது சோயா. நான் அல்ல. மாடியிலிருந்தபடி போனில் பேசினாள். "தாராளமா மேல வரேம்மா. மழ வந்தா எனக்குத் தூக்கமே போயிடுது" என்றிருக்கிறார். பதினோரு மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதி, ஜனவரி 18 அன்று அவர் மேலே போனார், நாங்கள் கீழே வந்தோம். அன்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் தூக்கினோம்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். இரண்டு நாள் சண்டை. 2015-ல் இதே தெருவில் நெஞ்சளவு தண்ணீரில் நூர் பீவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவன் நான். "தண்ணி வந்தா என்ன பண்ணுவ?" என்று கேட்டேன். "வந்தா கூப்பிடறேன் வாப்பா. அப்ப வந்து தூக்குங்க. வருஷத்துல மூணு மாசம் வர்ற மழைக்காக மிச்ச ஒம்பது மாசமும் மாடியில இருக்கச் சொல்றீங்களே" என்றாள். எனக்குப் பயம் போகவில்லை. இந்த வருட மழைக்கு அது அப்படியேதான் இருக்கும்.

கீழே வந்த மறுநாள் காலை அவள் தானே தெருமுனைவரை போய் வந்தாள். நாற்பது நிமிடம். வாசலில் நின்றேன், பின்னால் போகவில்லை. திரும்பி வந்தவள் நாற்காலிச் சக்கரத்தில் மாட்டுச் சாணம் என்று என்னைத் திட்டினாள்.

கொழும்பு மாநாட்டில் தமிழ்ப் பேச்சைத் திரையில் எழுத்தாக்க ஆறு பேர் தேவை என்று உங்கள் செயலகம் அறிவித்ததற்கு அவள் விண்ணப்பித்ததும், தேர்வானதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் அந்தத் தேர்வில் இல்லை என்று அவளே உறுதி செய்துகொண்டாள். எனக்கு அவள் சொன்னது கடிதம் வந்த பிறகுதான். முன்னேற்பாட்டுக் கூட்டம் கொழும்பில் ஏப்ரல் 11 முதல் 13 வரை. தனியாகப் போகிறாள். துணைக்கு அசார் வரட்டுமா என்று நூர் பீவி கேட்டாள். நன்றி, வேண்டாம் என்றாள். நூர் பீவி அழுதாள். பிறகு பெட்டி வாங்கப் போனாள்.

பாஸ்போர்ட்டுக்குப் பிப்ரவரி 5 அன்று நேர்காணல் முடிந்தது. 17 அன்று காவல் நிலையத்திலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். வந்தவர் அவளைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, "பொண்ணு எதுக்கு சார் ஃபாரின் போவுது? கூட யாரு?" என்றார். எதிரில்தானே இருக்கிறாள், அவளிடம் கேளுங்கள் என்றேன். கேட்டார். "வேலைக்கு சார். கூட லேப்டாப்" என்றாள். அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

இனி நிலுவையில் இருப்பவை. பாஸ்போர்ட் தபாலில் வர வேண்டும். மார்ச் 6-க்குள் என்று சொல்லியிருக்கிறார்கள். விமானச் சீட்டு அதற்குப் பிறகு, உங்கள் செயலகம் அனுப்பும். கொழும்பில் நீங்கள் இருப்பீர்களா என்று அவள் கேட்கிறாள். அதற்கான பதிலை அவளுக்கே எழுதுங்கள், முகவரி இதுதான்.

இன்னொன்று. ஏப்ரல் 10 காலை விமான நிலையத்துக்கு நான் வழியனுப்ப வரலாமா என்று நேற்று அவளிடம் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

அத்தாவுல்லா